ரொட்டிக்கடையைத் தின்ற மரம்

சோழர் காலத்துத் தெரு ஏதாவது மிச்சமிருக்குமா என்று அந்தமானில் தேடினால் ஏமாற்றம்தான். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். அவன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நிக்கோபாரும் இடம்பிடித்துக்கொண்டது. அப்பா தஞ்சாவூரில் 216 அடி விமானம் எழுப்பியவர். பிள்ளையின் ஆட்களோ இங்கே ஒரு திண்ணைகூட விட்டுவைக்கவில்லை. 2024இல் போர்ட் பிளேயரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கியபோது சோழர் பெருமையையும் சொன்னார்கள். அடித்தவனைக் கௌரவிக்க அடிவாங்கியவன் பெயரா? ராஜேந்திரன் கேள்விப்பட்டால் இன்னொரு தடவை கப்பல் விடுவான்.

சரி, கிடைத்த தெருவைப் பார்ப்போம். அது எபர்டீன் படகுத்துறைக்கு எதிரே ராஸ் தீவில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் அந்தமானுக்கு வந்த முதல் தடவை உருப்படவில்லை. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் சாத்தம் தீவில் குடியேற்றம் தொடங்கினார். பிறகு அதை வடக்கே மாற்றினார்கள். நோயும் சாவும் தாங்காமல் 1796இல் மூட்டை கட்டினார்கள். 1857இல் சிப்பாய்கள் எழுந்த பிறகுதான் மறந்துபோன தீவு ஞாபகம் வந்தது. 1858 மார்ச் 10 அன்று, ஆக்ரா சிறையை நடத்திய டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கினார். சாத்தத்தில் குடிக்கத் தண்ணீர் போதவில்லை. ஜாகை ராஸுக்கு மாறியது.

கைதிகள் காட்டை வெட்டினார்கள், கல் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள். முடிந்தவர்கள் ஓடினார்கள். தூத்நாத் திவாரி என்பவர் ஓடிப்போய், அந்தமான் பழங்குடியினரோடு ஏறக்குறைய ஒரு வருஷம் வாழ்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். 1859 மே மாதம் மாமனார் வீட்டுச் சனம் வில்லும் அம்புமாகத் தாக்க வருகிறது என்று தெரிந்ததும் மாப்பிள்ளை திரும்பி ஓடிவந்து வெள்ளைக்காரனிடம் வத்திவைத்துவிட்டார். எபர்டீன் சண்டையில் பழங்குடியினர் தோற்றார்கள். திவாரிக்கு விடுதலை கிடைத்தது. அந்தத் தீவில் நன்னடத்தைக்கு அதுதான் இலக்கணம் போலும்.

அப்புறம் தெரு எழுந்தது. சுற்றிலும் கடல், காட்டில் மலேரியா, எதிர்க்கரையில் அம்பு. துரைகளுக்கோ காலையில் சூடாக ரொட்டி வேண்டும்! ஆகவே ஒரு பேக்கரி. ரொட்டி தின்றால் ஆட வேண்டாமா? நடனக்கூடம். ஆடினால் வேர்க்கும், நீச்சல்குளம். நாலாபக்கமும் கடலை வைத்துக்கொண்டு குளம் வெட்டியவர்களை என்ன சொல்வது! டென்னிஸ் மைதானம், கிளப், கடைவீதி, அச்சகம், இத்தனைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க ஒரு பிரஸ்பிட்டேரியன் தேவாலயம், மேட்டின் உச்சியில் தலைமை ஆணையர் பங்களா. கிழக்கின் பாரிஸ் என்று தாங்களே மெச்சிக்கொண்டார்கள். அந்தப் பாரிஸில் கல் சுமந்ததும், எடுபிடி வேலை பார்த்ததும் கைதிகள்.

நாவிதரும் கைதிதான். பெஷாவரில் கொலைவழக்கில் தண்டனை பெற்று வந்த ஷேர் அலி அஃப்ரிடி நல்லபிள்ளையாக இருந்ததால் சவரம் செய்ய அனுமதித்தார்கள். கொலைகாரன் கையில் கத்தியைக் கொடுத்துத் தாடையை நீட்டிய தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு பகலில் ராஸைப் பார்வையிட்டார். சாயங்காலம் சூரிய அஸ்தமனம் பார்க்க மவுண்ட் ஹாரியட் ஏறி, இறங்கி, படகை நெருங்கும்போது இருட்டில் ஷேர் அலியின் கத்தி பாய்ந்தது. பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர். அடுத்த மாதம் வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள்.

1941 ஜூன் 26 நிலநடுக்கத்தில் தெரு ஆட்டம் கண்டது. மறுவருஷம் மார்ச் 23 அன்று ஜப்பான்காரன் வந்தான். அவன் ஆடவும் இல்லை, ரொட்டி சுடவும் இல்லை, பதுங்குகுழி கட்டினான். அது இன்றைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 1943 கடைசியில் நேதாஜி வந்தார். 75 வருஷம் கழித்து, 2018 டிசம்பர் 30 அன்று, தீவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1979இலேயே தீவு கடற்படையின் கைக்குப் போயிருந்தது.

ஆனால் காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் பட்டா மரங்களின் பேரில்தான். ஆலும் அதன் பங்காளிகளும் கூரையில்லாத சுவர்களில் ஏறி, சன்னல் வழியே வேர்விட்டு, செங்கல்லை ஒவ்வொன்றாகக் கவ்விப் பிடித்திருக்கின்றன. சுவரைப் பிளந்தது வேர். இன்று விழாமல் தாங்குவதும் அதே வேர். நம்மூர் ஒப்பந்தக்காரர் யாரும் இவ்வளவு பொறுப்பாக வேலை செய்து பார்த்ததில்லை. துரைமார் வேட்டையாட இறக்கிய புள்ளிமான்கள், புலி இல்லாத தீவுகளில் பெருகி, நடனக்கூடத்துப் பக்கம் புல் மேய்கின்றன.

போகிறவர்கள் எபர்டீன் பஜாரிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுப் படகேறுங்கள். அந்த பேக்கரியில் ரொட்டி சுட்டு எண்பது வருஷத்துக்கு மேலாகிறது.