கூரை விலைக்குப் படிப்பு

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிறவர் சமையலறையைப் பார்க்கும் முன்பே, இது எந்தப் பள்ளி மாவட்டம் என்று கேட்பார். விவரமான ஆள்தான். அங்கே அரசுப் பள்ளிச் செலவில் கணிசமான பங்கு வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறினால் வரி பெருகும், வரி பெருகினால் பள்ளி செழிக்கும், பள்ளி செழித்தால் வீட்டு விலை மறுபடி ஏறும்.

டெக்சாஸின் சான் அன்டோனியோ வட்டாரத்தில் 1967-68 கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் மாவட்டத்து ஏழைகள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். மாநிலத் திட்டத்துக்கான பங்கு போக, பிள்ளைக்கு 26 டாலர் மிஞ்சியது. அலமோ ஹைட்ஸ் சீமான்கள் கட்டியது 85 சென்ட். மிஞ்சியது 333 டாலர்! குறைத்துக் கட்டி அள்ளிக்கொண்டு போகும் இந்த வித்தையைச் சீட்டுக் கம்பெனிக்காரர்கள்கூட விளம்பரத்தில்தான் காட்டுவார்கள்.

டிமெட்ரியோ ரோட்ரிகஸ் முதலிய எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்தது. கல்வி கூட்டாட்சி அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்லவாம். தவிர, தங்கள் பள்ளியைத் தாங்களே நிர்வகிக்கும் சுதந்திரம் வட்டாரத்துக்கு வேண்டுமாம். எட்ஜ்வுட்டுக்கும் அந்தச் சுதந்திரம் குறைவில்லாமல் இருந்தது. 26 டாலரை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

1993-ல் பணக்கார மாவட்டங்களின் உபரி வரியை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்பிவிட டெக்சாஸ் சட்டம் போட்டது. அதற்கு உடனே ஒரு கொள்ளைக்காரன் பெயர் கிடைத்துவிட்டது: ராபின் ஹூட். பழைய ஏற்பாட்டுக்கு மட்டும் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.