மொட்டைமாடிக்கும் டப்பாவுக்கும் இடையே: கொத்தவரங்காய் வற்றல் இழப்பு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கோடையில் மாடித் தோட்டத்தில் விளையும் கொத்தவரங்காய், வற்றலாகி டப்பாவைச் சேர்வதற்குள் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. இதற்காக வெயில், காக்கை, அணில் ஆகிய மூவர்மீதும் காலங்காலமாகச் சுமத்தப்படும் பழியை இக்கட்டுரை விசாரிக்கிறது.

1. ஆய்வுக்களம்

மாசியில் ஊன்றிய கொத்தவரை சித்திரையில் காய்க்கும். கத்திரி வெயிலில் மற்ற செடிகள் தலையைத் தொங்கப்போட்டாலும் இது நிமிர்ந்தே நிற்கும். வறட்சிக்குப் பழகிய பயிர். முதல் வாரம் பறித்ததைச் சாம்பாரில் போட்டால் கரண்டியால் துழாவித் தேடவேண்டும். அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் கொள்ளாது. பொரியல், கூட்டு, பருப்புசிலி என்று ஒரு சுற்று வந்தபின் எதிர்வீட்டுக்கு ஒரு பை போகும். எதிர்வீட்டு மாமி அந்தப் பையைத் திருப்பித் தரும்போது, அதில் அவர்கள் மாடியில் விளைந்த கொத்தவரங்காய் இருந்தால், வற்றல் போடும் காலம் வந்துவிட்டதென்று அறியலாம்.

2. முறையியல்

காம்பையும் நுனியையும் கிள்ளி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, மாடியில் பழைய வேட்டி விரித்துப் பரப்பவேண்டும். பொழுது சாய்ந்ததும் முறத்தில் அள்ளி வீட்டுக்குள் வைத்து, மறுநாள் மீண்டும் மாடிக்கு. ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை இது தொடரும். காயிலிருக்கும் நீரை உப்பு இழுத்து வெளியே விடும். வெயில் அதைக் கொண்டுபோகும். நீரில்லாத இடத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பிழைப்பில்லை. பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர், கண்ணாடிப் புட்டியில் அடைத்து வேகவைத்து உணவைக் காக்கும் தம் முறையை 1810இல் நூலாக்கினார். அவருக்குப் புட்டி வேண்டியிருந்தது, கார்க்கு வேண்டியிருந்தது. நம் பாட்டிமாருக்குத் தாத்தாவின் வேட்டி போதுமாயிருந்தது.

3. கணக்கு

ஒரு கிலோ கொத்தவரங்காயில் ஏறத்தாழ 800 கிராம் தண்ணீர். கிள்ளி எறிந்ததைக் கழித்து, ஏறிய உப்பைக் கூட்டினால், 200 கிராமை ஒட்டி வற்றல் கிடைத்தாக வேண்டும். டப்பாவைத் திறந்து பார்த்தால் அடித்தகரம் தெரிகிறது. இதைக் கண்ட பாட்டி, “என்னடா, குறைஞ்சாப்ல இருக்கே?” என்று கேட்பதும், பேரன் “காக்கா பாட்டி” என்று சொல்வதும் எல்லா வீட்டிலும் பதிவாகியிருக்கும் தரவு.

4. குற்றஞ்சாட்டப்பட்டோர்

வெயிலை முதலிலேயே விடுவித்துவிடலாம். அது தண்ணீரைத்தான் எடுக்கும், காயை எடுக்காது.

காக்கை வழக்கு நுட்பமானது. இங்கே நமக்கு உதவுவது, அதே வேட்டியின் மறுகோடியில் காயும் மோர்மிளகாய். உப்பு மோரில் ஊறி, பகலில் காய்ந்து, இரவில் மீண்டும் மோருக்கே திரும்பும் அந்த மிளகாயில் ஒன்றுகூடக் குறைவதில்லை. மிளகாயின் காரத்தை நம் நாக்கு உணர்வதற்குக் காரணமான ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளிடமும் அந்த ஏற்பி உண்டு. ஆனால் மிளகாயின் காரம் அதை உசுப்புவதில்லை. காட்டு மிளகாயைப் பறவைகள் கூசாமல் தின்று விதை பரப்புவது இதனால்தான். ஆகவே, திருடியது காக்கையென்றால் மோர்மிளகாயும் போயிருக்க வேண்டும். போகவில்லை. காக்கை விடுதலை. பக்கத்தில் விரித்துவைத்த கறுப்புக் குடையையும் இனி மடக்கிவிடலாம்.

திருடன், காரம் உறைக்கும் பாலூட்டி. அணிலா? இழப்பு நேர்வது பொழுது சாய்ந்தபின், வீட்டுக்குள், முறத்தில். அணிலோ பகலில் நடமாடி இரவில் உறங்கும் பிராணி. மேலும், எடுத்த இடம் தெரியாதபடி மிச்சத்தை விரலால் நிரவிவிடும் நாகரிகம் அணில் குலத்தில் எங்கும் காணப்படவில்லை. கைகளும் மனசாட்சியும் உள்ள உயிரினமே அதைச் செய்யும்.

5. நோக்கம்

எல்லா நாளும் இழப்பு ஒரே அளவில் இல்லை. முதல் நாள் அது வெந்த காய், யாரும் சீண்டுவதில்லை. நன்றாகக் காய்ந்தபின் பல்லுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். நடுவில், தோல் சுருங்கி, உள்ளே சற்றே ஈரம் நின்று, உப்பு தூக்கலாகி, வாயில் போட்டால் ஜவ்வுபோல் இழுக்கும் அந்த ஒரு மாலையில்தான் முறம் பாதியாகிறது. அந்தப் பதம் கடையில் கிடைக்காது. டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். எண்ணெயில் பொரித்தாலும் அந்த ருசி திரும்பாது. அன்றைக்கு, அங்கேயே தின்றால்தான் உண்டு. எனவே இதைத் திருட்டு என்பதைவிட, சேமிக்க முடியாத விளைச்சலை உரிய நேரத்தில் அறுவடை செய்தல் என்பதே பொருந்தும்.

6. முடிவும் பரிந்துரையும்

விசாரணையின் இறுதியில் பாட்டியின் வாக்குமூலம் பெறப்பட்டது: “தெரியும்டா. அதுக்குன்னுதானே ரெண்டு பிடி கூடப் போட்டு வேகவைக்கிறேன்.” இழப்பை முன்கூட்டியே கணித்து, அளவிலேயே சேர்த்துவிடும் இந்த முறைக்கு முன்னால் மேற்கண்ட ஆய்வு முழுவதும் வீண் வேலை என்பது விளங்கும். ஆகவே ஆய்வாளரின் பரிந்துரை ஒன்றுதான்: அடுத்த மாசியில் கொத்தவரைக்கு இரண்டு பை அதிகம் வைக்கவேண்டும். மிளகாய்க்கு இப்போதிருப்பதே போதும்.