கெட்டிமேளக் கரகரப்பு: கள்ளக்குறிச்சிக் கல்யாண கேசட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி வட்டாரக் கல்யாண வீடியோக்களை மூன்று காலங்களாகப் பகுப்பதே முறை. முதலாவது தென்னார்க்காட்டுக் காலம்; 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் மாவட்டம் பிறந்ததோடு முடிகிறது. தோளில் சுமந்த வி.எச்.எஸ். கேமராவின் பொற்காலம் அது. அடுத்தது விழுப்புரக் காலம். 1995இல் வந்த மினி டிவி (MiniDV) கேசட் இதைச் சேர்ந்தது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. பீரோவிலிருந்த கேசட் பென் டிரைவில் ஏறுவது இந்த மூன்றாம் காலத்தில்தான். சின்னசேலத்தில் 1992இல் தாலி கட்டிய தம்பதி, நின்ற இடத்திலேயே மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டார்கள். மூன்று காலத்துக்கும் பொதுவானது, கெட்டிமேளம் முழங்கும் நொடியில் வரும் அந்தக் 'கர்ர்ர்'.

அதன் பிறப்பிடம் பற்றி அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேமராக்காரரைச் சொல்வார்கள். பெண் வீட்டார் மைக் செட்டைச் சொல்வார்கள். துபாயிலிருந்து பார்க்கும் மருமகன், எடிட் செய்தவரைச் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆனால் குற்றவாளி யாரென்று தெரியாமல் மருந்து போட்டால் கரகரப்பு கூடத்தான் செய்யும்.

கேமராக்காரர் வழக்கை முதலில் பார்ப்போம். வீட்டு கேமராக்களில் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. ஐயர் முணுமுணுக்கும்போது அது மைக்கைக் கூட்டி வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து பாயும். சுதாரித்துக் குறைப்பதற்குள் முதல் சில அடிகள் நாடாவில் சிதைந்தே பதிந்துவிடும். இதை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாவது, கணினியில் ஏற்றும் இடம். பிளேயரின் ஒலி வயரைக் கணினியின் மைக் துளையில் செருகுவது பரவலான வழக்கம். மைக்கின் மெல்லிய மின்னழுத்தத்துக்காக அமைந்த துளை அது. பிளேயர் அனுப்புவதோ அதைவிடப் பல மடங்கு. 16 பிட் ஒலியில் உச்ச எண் 32,767. அதற்கு மேல் தவில் எவ்வளவு முழங்கினாலும் கணினிக்கு அது 32,767தான். ஒலியலை இளநீர் சீவியதுபோலத் தலை தட்டையாகிவிடும். நாடா நன்றாக இருந்தால் லைன் இன் துளையில் செருகி, அளவைக் குறைத்து மறுபடி ஏற்றுவதே சிறந்த வைத்தியம். நாடாவில் பூஞ்சை பிடித்துப்போனால்தான் ஆடாசிட்டியின் 'கிளிப் ஃபிக்ஸ்' போன்றவற்றை நாட வேண்டும். அது அக்கம்பக்கத்து அலையைப் பார்த்துச் சீவிய தலையை ஊகித்து வரையும். வரைய மேலே இடம் வேண்டுமல்லவா, அதனால் முதலில் ஒலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரைச்சல் நீக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

மினி டிவியில் தனியொரு வில்லங்கம். நொடிக்கு 48,000 மாதிரிகளாகவும் பதியலாம், 32,000ஆகவும் பதியலாம். 32,000த்தை 48,000 என்று மென்பொருள் எண்ணிவிட்டால், ஒலி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரப் பேச்சு 40 நிமிடத்தில் தீரும். பெரியப்பா கிளிக்குரலில் மொய் வாசிப்பார்.

கடைசியாக எக்ஸ்போர்ட். நாதஸ்வரத்தோடு சினிமாப் பாட்டையும் சேர்க்காத கல்யாண எடிட்டர் அரிது. இரண்டும் முழு ஒலியில் கூடினால் உச்சம் 6 டெசிபல் வரை எகிறும். மாஸ்டர் மீட்டர் சிவப்பைக் காட்டியும் ரெண்டர் கொடுத்தால், நல்ல நாடாவும் கரகரக்கும். ஏ.ஏ.சி.யாகச் சுருக்கும்போது உச்சம் இன்னும் சற்றே கூடக்கூடும். ஆகவே பூஜ்யத்துக்கு ஒரு டெசிபலாவது கீழே நிறுத்துவது நல்லது. மருமகன் சொன்னது இந்த ஓர் இடத்தில் முழு உண்மை.

தீராத சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. கெட்டிமேளம் அடங்கியதும் கேமரா மறுபடி மைக்கை மெல்லக் கூட்டும். அதனால் மந்திரமும் மங்கல இசையும் சிதைந்த அதே நாடாவில், பின்வரிசையில் யாரோ கேட்ட "பந்தியில இலை போட்டாச்சா?" என்பது மட்டும் துல்லியமாகப் பதிந்திருக்கும். அதை வெட்டலாமா என்று எடிட்டர்கள் கேட்கிறார்கள். கேட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருந்தால், வெட்டக் கூடாது.