செயற்கைமொழிப் பெயர்த்திரிபியல்

செயற்கைமொழி என்பது ஒருவர் உட்கார்ந்து எழுதி முடித்த மொழி. அவர் எழுத்தைக் குறைப்பார், விதியைச் சுருக்குவார், விதிவிலக்கே கிடையாது என்று மார்தட்டுவார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் ஆளின் பெயர் வந்து நிற்கும். எல்லாருக்கும் பொதுவான மொழி, ஒருவருக்கே உரிய பெயரை என்ன செய்யும் என்பதே இவ்வியலின் பொருள். தமிழ் இலக்கணத்தார் வடசொல்லைத் தற்சமம், தற்பவம் என இரண்டாகப் பிரித்துக் கரையேறிவிட்டார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலாவது, வாலுடைப் பெயர். எஸ்பெராந்தோவில் பெயர்ச்சொல் 'ஓ' என்று முடியும். ஆகவே பீட்டர் 'பெத்ரோ'. அம்மொழியை ஆக்கிய சாமென்ஹோஃப் 1894-இல் நாடகத்தை மொழிபெயர்த்தபோது ஹாம்லெட் 'ஹாம்லெத்தோ' ஆனார். அவரை யாரேனும் குத்தினால் 'ஹாம்லெத்தோன்'. செயப்படுபொருளுக்கு ஒரு 'ன்' உண்டு. நம் 'ஐ' செய்கிற வேலைதான், குறை சொல்வதற்கில்லை. மரியாவுக்கு 'ஆ' என்றே முடிய அனுமதி உண்டு. செல்லமாகக் கூப்பிட்டாலோ 'மன்யோ'. தப்பிய வால் வந்து ஒட்டிக்கொள்ளும். சாமென்ஹோஃப் தம் பெயரை 'லுதோவிகோ' என்று வளைத்தார், குடும்பப் பெயரைத் தொடவில்லை. வால் பிள்ளைக்கே, வம்சத்துக்கு அன்று என்க.

இரண்டாவது, கதவடைத்த பெயர். லோஜ்பான் என்னும் செயற்கைமொழியில் ஆள் பெயராக வரும் சொல் மெய்யில் முடிய வேண்டும். சொன்னதும் சற்றே நிறுத்தவும் வேண்டும். ஜானுக்குக் கவலையில்லை. மாலா 'மாலாஸ்' ஆகலாம், 'மாலான்' ஆகலாம். எந்த மெய் என்பது அவரவர் ருசி.

மூன்றாவது, தேய்ந்த பெயர். கனடாவின் சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட டோக்கி போனா மொழிக்கு எழுத்து 14-தான். ரகரம் கிடையாது. ரவி 'லவி' ஆவார், ராதா 'லதா' ஆவார். வீட்டில் ஏற்கெனவே ஒரு லதா இருந்தால் அது குடும்ப விவகாரம், இலக்கணத்தில் வராது. இதற்குச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. லட்சுமணனை இலக்குவன் ஆக்கியவர்கள் நாம். ஆனால் நாம் அத்தோடு விட்டோம். டோக்கி போனாவிலோ ஆள் பெயர் பெயர்ச்சொல்லே அன்று, வெறும் அடைமொழி. முன்னால் 'யன்', அதாவது ஆள், நின்றாக வேண்டும்: 'யன் லதா'. பச்சைச் சேலை, பழைய சேலை என்பதுபோல இவர் லதா வகை ஆள். ராதாவுக்கு முதலில் 'ரா' போயிற்று, பிறகு பெயர் என்ற அந்தஸ்தும் போயிற்று. இத்தனை சேதத்திலும் 'சோன்யா' மட்டும் கீறலின்றித் தப்பியது. விதி எழுதியவர் பெயர் அதுவாக இருப்பது தற்செயல் என்று கொள்க.

ஒழிபு: உரியவரை விட்டோடிய பெயர். இதற்கு எடுத்துக்காட்டு ஒன்றே. 1887-இல் வார்சாவில் சாமென்ஹோஃப் தம் மொழிக்கு 'சர்வதேச மொழி' என்று பெயரிட்டு நூல் வெளியிட்டார். தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ'. நம்பிக்கையோடிருப்பவர் என்பது பொருள். படித்தவர்கள் ஆசிரியரின் பெயரைப் பிடுங்கி மொழிக்குச் சூட்டிவிட்டார்கள்.