கிதாருக்கு எந்த பிக்கப்?

கேள்வி: என் அக்கூஸ்டிக் கிதாரை மேடையில் வாசிக்க வேண்டும். எந்த பிக்கப் நல்லது?

பதில்: முதலில் கம்பியைப் பாருங்கள். நைலான் என்றால் காந்த பிக்கப் பக்கமே போகாதீர்கள். காந்தத்துக்கு இரும்புதான் உறவு. ஸ்டீல் கம்பி, பக்கத்தில் டிரம்ஸ் என்றால் சவுண்ட்ஹோலில் மாட்டும் காந்த பிக்கப்புக்கே என் ஓட்டு. திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும், எளிதில் ஊளையிடாது. சேடிலுக்கு அடியில் வைக்கும் பியசோ பட்டையும் சத்தமான மேடையைத் தாங்கும்; ஆனால் அழுத்தி மீட்டினால் குரலில் வாத்து புகுந்துவிடும்! பிரிட்ஜுக்கு நேர் கீழே, பெட்டிக்குள் ஒட்டும் பியசோ வட்டுகள் மரத்தின் குரலையே கொண்டுவரும். அமைதியான அரங்கில் அதற்கு ஈடு இல்லை.

பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. பிரீஆம்ப் இல்லாத பியசோவை நேராக மிக்சரில் செருகினால் அடிக்குரல் கரைந்து, தகரத்தைத் தட்டியதுபோல் கேட்கும். பழியோ பிக்கப்மேல்! நடுவில் 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டுத் தடை கொண்ட பிரீஆம்ப் வையுங்கள், கிதார் நிமிர்ந்து பேசும். பேட்டரியில் ஓடும் பிக்கப் என்றால், வாசித்து முடித்ததும் கிதாரிலிருந்து வயரைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் வாசிக்காதபோதும் பேட்டரி வீணாகக் கரைந்துகொண்டே இருக்கும்.