மாமியாருக்கு மருந்து வாங்கலாமா?

எங்கள் வீட்டில் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அபாண்டம். முடிவை யார் எடுக்க வேண்டும் என்பதை எப்போதும் நான்தான் முடிவு செய்கிறேன். மகன் வந்து நின்றால் "அம்மாகிட்ட கேளுடா." அவன் அம்மா வந்து நின்றால் "உன் இஷ்டம்மா." இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் கடைக்குப் போய்விடுவேன். சம்சாரம் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் இணைய கேபிள் வந்தது. அதுவரை அந்தமானில் செயற்கைக்கோள் புண்ணியத்தில் ஒரு போட்டோ திறப்பதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிடும். கேபிள் வந்த பிறகு போர்ட் பிளேரின் வேகத்தில் கொஞ்சம் எங்கள் வண்டூருக்கும் கசிந்தது. மகன் கேம் இறக்க ஆரம்பித்தான். "சுடுற கேம் இல்லப்பா, பாஸ்போர்ட் பாக்கற கேம். உங்களுக்குப் பிடிக்கும்" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

ஏன் பிடிக்கும் என்று நினைத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறும் துறை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அது கடல் தேசியப் பூங்கா. தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. பயணிகளின் பையைத் திறந்து சிப்ஸ் கவரை வெளியே எடுத்துவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த இடத்துல நான் மட்டும் இருந்தா..." என்று டீக்கடையில் நின்று இலவச ஆலோசனை வழங்குபவன் நான்.

அந்த இடத்தில் உட்கார்த்தி வைத்தே விட்டான். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று பெயர். ஜப்பானில் குடியிருந்த லூகஸ் போப் என்ற அமெரிக்கர் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்து 2013-ல் வெளியிட்டது. 1982-ஆம் வருஷம், ஆர்ஸ்டோட்ஸ்கா என்றொரு கற்பனை நாடு. எல்லைச் சாவடியில் நான் அதிகாரி. தாளைச் சரிபார்த்து பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு மூன்றாவது முத்திரை இருக்கிறதா என்று மேசை முழுக்கத் தேடினேன். இல்லை.

ஒருவர் வந்தார். தாள் எல்லாம் சரி. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவி வந்தார், நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறார். மனம் இளகிப் பச்சை குத்தினேன். உடனே கர்ரென்று ஒரு கண்டனச் சீட்டு அச்சாகி வந்தது. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும்தான், மூன்றாவதிலிருந்துதான் அபராதம் என்று மகன் விளக்கினான். அதைக் கேட்டதும் என் கருணை பெருக்கெடுத்தது. இலவசமாக இருக்கும் வரை இரக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது ஆள் வந்தபோது முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, சிவப்பு.

சாயங்காலம் கணக்கு வந்தது. ஆளுக்கு 5 வீதம் கூலி. செலவில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மருந்து வாங்கலாமா என்று கேட்டு ஒரு கட்டம் காத்திருக்கிறது.

என் நிஜ மனைவி, இவள், எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"யாருங்க அது? மாமியாரா? யாருக்கு?"

"எனக்குத்தான். கேம்ல."

"மருந்து வாங்காம கணப்புக்கு எதுக்குப் பணம் கட்டுறீங்க?"

வாங்கினேன். பணம் பற்றவில்லை. சாவடிக் காவலன் ஒருவன் ஒரு யோசனை சொன்னான். போலித் தாளோடு வருகிறவனைத் திருப்பி அனுப்பினால் போதும்தான். ஆனால் பிடித்துச் சிறைக்கு அனுப்பினால் காவலனுக்கு வரும் படியில் எனக்கும் பங்கு. லஞ்சம் வாங்குகிறவர்களை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று நான் பேசாத கல்யாணப் பந்தி இல்லை. அன்றைக்கு மட்டும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் உள்ளே தள்ளினேன். ஒரு மனிதர் சிறை வாசலில் அழுதுகொண்டு நிற்க, மாமியார் குணமாகிவிட்டார் என்று சேதி வந்தது. இவள் முகத்தில் திருப்தி. அவளும் உடந்தை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு மகன் போனில் 'மிஸ்ஸிங்' என்ற கேமைக் கொடுத்தான். கொல்கத்தாவின் லீனா கேஜ்ரிவால் புகைப்படக் கலைஞர். காணாமல் போகும் சிறுமிகளை ஊர்ச் சுவர்களில் கறுப்பு நிழலுருவாக வரைய வைத்தவர். அதன் தொடர்ச்சியாக 2016-ல் வந்த கேம் இது. கடத்தப்பட்ட சம்பா என்ற பெண்ணாக நாம் ஆட வேண்டும். எதிரில் நிற்பவனுக்கு என்ன பதில் சொல்வது, எப்போது ஓடுவது எல்லாம் நம் விரலில். வழக்கம்போல நழுவுகிற பதிலாகத் தேடினேன். அப்படி ஒரு பதில் இருந்தால் சம்பாவுக்கு அங்கே என்ன வேலை? இந்த கேமைப் பற்றி எனக்கு வேடிக்கை எழுத வரவில்லை. "அந்தப் பொண்ணு தப்பிச்சிடுச்சா?" என்று இவள் ராத்திரி கேட்டாள், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நம்முடைய பரமபதத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பாவத்துக்குப் பாம்பு, புண்ணியத்துக்கு ஏணி; ஆனால் எதில் போய் விழுவது என்பது தாயக்கட்டையின் பொறுப்பு. வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடிய உருட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். குடும்பஸ்தர்களை நன்றாக அறிந்த யாரோதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எனக்கென்றே செய்ததுபோல ஒன்று கடைசியில் கிடைத்தது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. சுயேச்சை கேம்களுக்காக அமெரிக்காவில் தரும் பெரிய விருதை 2014-ல் அந்தச் சாவடி கேம் வாங்கியது. சரியாகப் பத்து வருஷம் கழித்து அதே விருதை வாங்கியது நம் வெண்பா. 1988-ல் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதி. பிறகு மகன் கவின். இங்கேயே இருப்பதா ஊருக்குத் திரும்புவதா என்று அவர்கள் பேசும்போது பதில்களை நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நெற்றியைத் தேய்த்து, எழுந்து தண்ணீர் குடித்து, ஒரு பதிலைத் தொட்டேன்.

"ரொம்ப யோசிக்காதீங்கப்பா. எதைத் தொட்டாலும் கதை அது பாட்டுக்குத்தான் போகும்" என்றான் மகன்.

கருத்து கேட்பார்கள், மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், நடப்பது நடக்கும்! ஒரு வீட்டுத் தலைவனின் உண்மை நிலையை இத்தனை துல்லியமாக வேறு எந்தக் கலைஞன் பிடித்திருக்கிறான்? உற்சாகமாக மேலே போனேன். இட்லிதான் முதல் சோதனை. வெண்பாவின் அம்மா எழுதிவைத்த சமையல் குறிப்பு அழிந்துகிடக்கிறது. ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும்படி எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து இட்லி தின்று வளர்ந்தவன், மாற்றி மாற்றி அடுக்கி மாவை வீணடித்துக்கொண்டிருந்தேன். இவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நடுத்தட்டை மட்டும் திருப்பி வைத்தாள். வெந்துவிட்டது.

"நீங்கதான் பண்ணீங்களாப்பா?" என்றான் அடுத்த அறையிலிருந்து மகன்.

திரையில் இதற்குப் பதில் பட்டியல் எதுவும் வரவில்லை. நானாகவே, "பின்ன யாரு?" என்றேன்.