தெர்மாகோல் ஆண்டு

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் காளைக்காக மெரினாவே திரண்டபோது, மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறைக்கு ஏகப் பெருமை. பிப்ரவரியில் அணி மாறிவிடாமலிருக்க அதிமுக எம்எல்ஏக்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் அடைபட்டார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் வித்தை எங்கள் சந்தைக்குப் புதிதல்ல. என்ன, மாட்டுக்கு யாரும் கடற்கரை அறை போடுவதில்லை. ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் மிதக்கவிட்டார். காற்று அதைப் பத்திரமாகக் கரை சேர்த்தது. (அறிவியலுக்கு அன்று விடுமுறை போலும்.) அப்புறம் டிவியில் பிக்பாஸ் நிகழ்ச்சி, அதன் போட்டியாளர் ஓவியா; அங்கே ஓட்டுப்போட வரிசையே வேண்டாம். டிசம்பர் 31இல் ரஜினி, அரசியலுக்கு வருவது உறுதி என்றார். 2020 டிசம்பரில் வரவில்லை என்றார். இடையில் வந்தவை அவர் படங்கள்தான்: காலா, 2.0, பேட்ட, தர்பார்.